குரல் அறைக்குள் வந்த ஈக்கள்

தினமும் அறுபதாயிரம் பேர் அவள் குரலைக் கேட்கிறார்கள். அவள் முகம் தெரிந்தவர்களோ ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுவார்கள். நகரப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் "அடுத்த நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி" என்று ஒரு பெண் குரல் சொல்லும். அதட்டாது, குழையாது. தூங்குகிறவரை எழுப்பும், புத்தகம் படிப்பவரைத் தொந்தரவு செய்யாது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இவள். தெருவில் இவளுக்கு வைத்த பெயரே 'அடுத்த நிறுத்தம்'தான். அந்தப் பெயரைச் சொல்லி வீட்டைக் கேட்டால் நடக்கப் பழகும் பிள்ளைகூடக் கை காட்டும்.

முதலில் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தாள். தொலைந்துபோன பை, வழிதவறிய குழந்தை, தாமதமாகும் வண்டி எல்லாவற்றுக்கும் அவளே மைக்கைப் பிடிப்பாள். கூட்டம் முண்டியடிக்கிற நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் பாதிப் பேர் நின்று கேட்பார்கள். வண்டிகளில் தானாக ஒலிக்கிற அறிவிப்பு வந்தபோது, வேறு குரல் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கணவர் அதே பேருந்து நிறுவனத்தில் டிரைவர். ஒரு நாளில் பாதியை அவள் குரலுக்கு அடியிலேயே உட்கார்ந்து கழிப்பவர். "வீட்ல அவ சொன்னா காதுல விழாத மாதிரி இருந்துக்கலாம்" என்பார் டிப்போவில். "பஸ்ல சொன்னா பிரேக்கைப் போட்டே ஆகணும்."

புதிய தடம் வரும்போதெல்லாம் அவள் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவாள். சமையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சாமான் அறை. அதைக் காலி செய்து, ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு பழைய மடிக்கணினி. சுவர் முழுக்க முட்டை அட்டை. எதிரொலி குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தெருமுனை முட்டைக் கடைக்காரரிடம் நாலு அட்டை கேட்டாள். அவர் நாற்பது கொண்டுவந்தார். ஏணி கொண்டுவந்து, பசை கொண்டுவந்து, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவரே ஒட்டியும் கொடுத்தார். ஏதோ ஒரு காலத்தில் அவருடைய மகன் பேருந்து நிலையத்தில் காணாமல்போய், அவள் மைக்கில் அழைத்துத்தான் கிடைத்தான். அந்தப் பையன் இப்போது கல்யாணம் ஆகி வேறு ஊரில் இருக்கிறான். கடைக்காரருக்கு மட்டும் அது நேற்று நடந்த மாதிரி.

போன வருடக் கடைசியில் குரல் கரகரத்தது. சளி என்று நினைத்தாள். சளி போயிற்று, கரகரப்பு போகவில்லை. தொண்டை மருத்துவர் உள்ளே குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்னதாக ஒரு முடிச்சு இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்.

"எடுத்தப்புறம் இதே குரல் இருக்குமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு இருக்கும். சில பேருக்குக் கொஞ்சம் கனத்துப் போகும். இப்பவே உறுதியா சொல்ல முடியாதும்மா."

அறுவைச் சிகிச்சை நாள் வரை அதிகம் பேசக் கூடாது. ஒரு நாளைக்கு அரைமணி நேரப் பேச்சுக்குமேல் வேண்டாம். இரண்டு வேளை ஆவி பிடிக்க வேண்டும். இவ்வளவுதான் மருத்துவர் சொன்னது.

சிக்கல் என்னவென்றால், நதிக்கரைத் தடம் என்று ஒரு புதிய தடம் தொடங்குகிற நேரம் அது. ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீளும் தடம். அவளால் முடியாவிட்டால் கணினிக் குரலைப் போட்டுக்கொள்கிறோம், ஒன்றும் அவசரமில்லை என்று அலுவலகத்தில் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு தடத்தில் கணினி ஏறினால் அடுத்த தடத்தில் அது இறங்காது. அறுவைக்குப் பிறகு எந்தக் குரல் வரும் என்று தெரியாது. இருக்கிற குரலில் இந்த ஒரு தடத்தையாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை வீட்டில் சைகைதான் பேச்சு, மிச்சம் பிடிக்கும் குரலெல்லாம் மைக்குக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் ஈ வந்தது.

முதலில் ஒன்றிரண்டு. வாய் திறந்து "அடுத்த நிறுத்தம், மணிக்கூண்டு" என்பாள். 'மணி'க்கும் 'கூண்டு'க்கும் நடுவில் ஒரு ரீங்காரம் வந்து உட்காரும். காதுக்குக் கேட்காத ஓசையைக்கூட மைக் விடாது. அழித்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். மறுபடி சொன்னால் அரைமணி நேரத்தில் அவ்வளவு குறையும். ஒருநாள் மணிக்கூண்டைத் தாண்டவே இல்லை. ஈயை வெளியேற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது, அன்றைக்கு வைத்திருந்த குரல் தீர்ந்துபோயிருந்தது.

போர் தொடங்கியது. மாடியில் குடியிருக்கும் நாத்தனார் படைத்தலைமை ஏற்றாள். டிரைவருக்கு அக்கா, பள்ளிக்கூட விடுதியில் சமையலறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். ஒரு கையில் ஈ அடிக்கும் மட்டை, மறு கையில் பினாயில் பாட்டில். வந்ததும் நேராகச் சமையலறைக்குள் போனாள்.

"குப்பைக் கூடையை மூடாம வெச்சா ஈ வராம, கிளியா வரும்?"

அவள் கூடையைக் காட்டினாள். மூடித்தான் இருந்தது.

"இப்ப மூடியிருக்கு. நான் வர்ற சத்தம் கேட்டு மூடியிருப்பே."

வாய் திறந்து பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து ஆண்டவன் நாத்தனாரை அனுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் நாத்தனார் திட்டிக்கொண்டே அடுப்படியைத் தேய்த்தாள், திட்டிக்கொண்டே சாக்கடை மூடியைக் கழுவினாள், திட்டிக்கொண்டே சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்தாள். ஒட்டும் காகிதம் வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். அதில் முதலில் ஒட்டியது டிரைவரின் தலைமுடி.

நாலு நாள் வீடு துடைத்துவைத்த மாதிரி இருக்கும். அப்பாடா என்று மைக் முன்னால் உட்காருவாள். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ மறுபடி வந்துவிடும், முன்னைவிடக் கூட்டமாக. பழங்களை வாங்குவதை நிறுத்தினார்கள். சாப்பிட்ட தட்டு ஆறுவதற்குள் கழுவினார்கள். கடைசியில் டிரைவர் சாப்பிடுவதே குற்றம் என்கிற நிலைக்கு நாத்தனார் வந்துவிட்டாள்.

"அக்கா, நான் வேணா டிப்போவிலேயே சாப்பிட்டுட்டு வந்துடறேன்."

"நீ சட்டையில சிந்தாம சாப்பிடு, அது போதும். சின்ன வயசிலிருந்தே சொல்லிட்டு இருக்கேன்."

விஷயம் முட்டைக் கடைக்காரர் காதுக்கும் போயிற்று. கை நிறைய அட்டைகளோடு வந்து நின்றார். "ஈ சத்தம் வெளியிலிருந்து வருதும்மா. சுவர்ல ஓட்டை மாதிரி. இன்னொரு அடுக்கு ஒட்டிட்டா ஒண்ணும் கேக்காது." அவள் கை கூப்பினாள். அவர் பழைய அட்டைகளுக்கு மேலேயே புதிய அட்டைகளை நெருக்கமாக ஒட்டிவிட்டுப் போனார். இந்த மனுஷருக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தொண்டை அடைத்தது. அடைத்தது நல்லதில்லை என்று நினைவு வந்து, எழுந்து போய் வெந்நீர் வைத்தாள்.

ஆவி பிடிப்பதும் அந்த அறையில்தான். கதவைச் சாத்தினால் ஆவி வெளியே போகாது, வேறு அறைக்குப் போக வேண்டியதில்லை, பிடித்த கையோடு பதிவையும் தொடங்கலாம். வெந்நீரில் தைலம் இரண்டு சொட்டு. அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் தைல வாசனை. அந்த வாசனையில் வேறு எந்த வாசனையும் தெரியாது.

ஒரு மத்தியானம். தெரு சாப்பிட்டுவிட்டுக் கண் அசருகிற நேரம், பதிவுக்கு ஏற்றது. அறைக்குள் ஒரே ஒரு ஈதான் இருந்தது. அதை ஒரு கை பார்த்துவிட்டு ஹெட்போனை மாட்டினாள். அசையாமல் உட்கார்ந்தாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் காதில் மெலிதாக ஒரு இரைச்சல், நிற்காமல்.

தொண்டை போய் இப்போது காதுமா? ஹெட்போனைக் கழற்றினாள், ஓசை இல்லை. மாட்டினாள், இருந்தது. அப்படியென்றால் கேட்பது காது அல்ல, மைக். உயிர் வந்தது. மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். மேசைப் பக்கம் நீட்டினாள், குறைந்தது. கதவுப் பக்கம் நீட்டினாள், இன்னும் குறைந்தது. வெந்நீர்ப் பாத்திரம் வைக்கும் மூலைக்குக் கொண்டுபோனாள், கூடியது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி மைக்கைச் சுவரில் வைத்தாள்.

உள்ளே ஒரு சந்தையே நடந்துகொண்டிருந்தது.

முட்டை அட்டையின் ஓரத்தை நகத்தால் பிய்த்தாள். காய்ந்த அட்டை மொடமொடவென்று வர வேண்டும். இது ஊறிய ரொட்டி மாதிரி கையோடு வந்தது. தைலத்தையும் மீறி ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. இரண்டு அடுக்குக்கும் நடுவில், குழிகளுக்குள், உடைந்து வழிந்து ஒட்டிப்போன முட்டை. அதில் வெள்ளை வெள்ளையாகப் புழு. அன்றைக்குத்தான் இறக்கை முளைத்த ஈக்கள் வெளியே வர வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தன. பிய்ந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்ததும் அவள் முகத்தைத் தாண்டி ஒவ்வொன்றாகக் கிளம்பின.

அவள் கத்தவில்லை. கத்தினால் அன்றைய கணக்கில் சேருமே. வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டுக் கம்பியைக் கரண்டியால் தட்டினாள். நாத்தனார் மட்டையோடு இறங்கி வந்தாள். உள்ளே பார்த்தாள். மட்டையின் நுனியால் ஒரு அட்டையைக் குத்திப் பார்த்தாள்.

"காய்ஞ்சு கிடந்தது இத்தனை நாள் சும்மா இருந்திருக்கு" என்றாள் பிறகு. "நீ தினமும் வெந்நீரை வெச்சு ஊற வெச்சிருக்கே. அது போதாதுன்னு அந்த ஆளு மேல போர்வை வேற போத்திட்டுப் போயிருக்கான்."

அவள் தலையாட்டினாள். தொண்டைக்காக ஆவி, ஆவியால் ஈ, ஈயால் மறுபடி மறுபடி பேசித் தொண்டைக்கு வலி. தானே தனக்கு வைத்துக்கொண்ட வட்டத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் கணக்கில் சேரும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் சமையலறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

"உன் அடுப்படி மேல தப்பில்ல" என்றாள். மன்னிப்பு என்று அவள் வாயிலிருந்து வரக்கூடியது அவ்வளவுதான். அது போதும், நிறையவே போதும் என்று இவளுக்கு இருந்தது.

முட்டைக் கடைக்காரரை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது என்று அவள் யோசிப்பதற்குள், நாத்தனார் போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அவர் அறை வாசலில் நின்று பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"நல்ல அட்டையெல்லாம் பண்ணை லாரி திருப்பி எடுத்துட்டுப் போயிடும்மா. முட்டை ஒழுகின அட்டையை மட்டும் அவன் தொட மாட்டான். அதைத்தான் உனக்குன்னு எடுத்து வெச்சேன். வெயில்ல காய வெச்சுத்தான் கொடுத்தேன். காய்ஞ்சா சரியாப் போச்சுன்னு நெனச்சேன்."

பரவாயில்லை அண்ணே என்று கையைக் காட்டினாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மேல்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒட்டியவரே பிய்த்தார். மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் எரித்தார். சுவரைச் சுரண்டினார், சுண்ணாம்பு அடித்தார். நாத்தனார் பின்னாலேயே பினாயிலோடு நின்றாள். ஈ போயிற்று. நாலு நாள் பார்த்தார்கள், ஆறு நாள் பார்த்தார்கள். வரவே இல்லை.

ஆனால் அறை வெறுஞ்சுவராகிவிட்டது. "அடுத்த நிறுத்தம்" என்றால் கிணற்றுக்குள் இருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி திரும்பி வந்தது. அறுவைக்கு இருப்பதோ ஒரு வாரம். டிரைவர் அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பார்த்தார். பிறகு வேலைக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் டிப்போ வண்டி ஒன்று வாசலில் நின்றது. அதிலிருந்து பேருந்து இருக்கைகள் இறங்கின. ஓட்டமுடியாமல் டிப்போ முற்றத்தில் நிறுத்திவைத்திருந்த பழைய வண்டியின் மெத்தைகள். டிரைவர் மேலாளரிடம் நேராகப் போய்க் கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் நாத்தனார்.

"எடுத்துட்டுப் போய்யான்னாரு. அவர் பொண்ணு தினமும் பஸ்ல ஏறினதும் தூங்கிடுமாம். இவ குரலைக் கேட்டுத்தான் காலேஜ் வாசல்ல இறங்குதாம். 'உன் வீட்டம்மா இல்லேன்னா என் பொண்ணு இந்நேரம் டிப்போவிலதான் டிகிரி வாங்கியிருக்கும்'னாரு."

கூட வந்த இரண்டு டிரைவர்களும் ஒரு மெக்கானிக்கும் மெத்தையின் மேலுறையைக் கிழித்து எடுத்தார்கள். வழவழப்பான உறை ஒலியைத் திருப்பி அடிக்கும், உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சுதான் வேண்டும் என்று அவள் கையாலேயே விளக்கியிருந்தாள். ஒவ்வொரு பஞ்சையும் நாத்தனார் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மாடியில் வெயிலில் போட்டாள். ஒன்றின் அடியில் காய்ந்த பபிள்கம் ஒரு வரிசை இருந்தது. "எந்தக் கழுதைங்க இதெல்லாம்" என்று கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டத் திட்ட, அறை பஞ்சுப் பொதியாக மாறிக்கொண்டு வந்தது. ஆவி பிடிக்கும் பாத்திரம் பின்கட்டுக்குப் போயிற்று.

உள்ளே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினாள். ஓசையே இல்லை. தன் மூச்சு மட்டும். இத்தனை வருடம் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த மெத்தைகள் அவளைச் சுற்றி நின்றன. "அடுத்த நிறுத்தம், மணிக்கூண்டு" என்றாள். ஒரே தடவை. போதுமாக இருந்தது. சர்க்கஸ் திடல், பழைய மார்க்கெட், படகுத்துறை என்று நதிக்கரையோடு போய்க்கொண்டே இருந்தாள்.

எல்லாம் சரியாயிற்று என்றுதான் நினைத்தாள். ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முட்டைக் கடையில் ஆளே இல்லை. சாயங்காலம் என்றால் அங்கே நிற்க இடம் இருக்காது. கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சொல்வார்களே, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கூரையைப் பார்த்தாள்.

"பால் வாங்கப் போன இடத்தில ஒரு வார்த்தை சொன்னேன். அட்டையைப் பத்தித்தான் சொன்னேன். அவங்க முட்டையையே சொல்லிட்டுத் திரியறாங்க. நான் என்ன பண்ண?"

கூரையிலிருந்து கண்ணை இறக்காமலேயே நாத்தனார் தொடர்ந்தாள். "நான் போய் இல்லேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பினாயில் பாட்டிலோட சுத்தினவ நான்தானே."

கடைக்காரர் அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அவளைத் தெருவில் கண்டால் கடைக்குள் குனிந்து எதையோ தேடுவார். மகனைக் கண்டுபிடித்துக் கொடுத்தவளின் வீட்டில் ஈயைக் கொண்டுபோய் விட்டோமே என்று அவருக்கு. தன் ஒரு அறைக்காக அந்த மனுஷரின் கடை காலியாயிற்றே என்று இவளுக்கு. அட்டை ஒட்டுவதற்கு ஏணியில் நின்ற அவர் கால்கள் நடுங்கியது அவளுக்கு நினைவிருந்தது. வயசான கால்கள்.

அறுவைக்கு முந்தின நாள் கடைசி நிறுத்தத்தைப் பதிவு செய்தாள். "நதிக்கரை முனையம். எல்லோரும் இறங்கவும். நன்றி." அந்த 'நன்றி'யை எத்தனையோ தடங்களில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது யாருக்கு என்று ஒவ்வொரு முகமாக வந்து நின்றது. அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். அன்றைய அரைமணியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்தை என்ன செய்யப்போகிறாள் என்று டிரைவர் ஆசையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏதாவது பேசு என்று சொல்ல அவருக்கு வெட்கம். "மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனாள். தெரு வேலை முடிந்து திரும்பும் நேரம். பால் பாத்திரத்தோடு பெண்கள், சைக்கிளில் ஆட்கள், பள்ளிக்கூடப் பைகள். வாசற்படியில் நின்று, இடுப்பை நிமிர்த்தி, பேருந்து நிலையத்து ஜன்னலில் நிற்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

"அண்ணே, நம்ம வீட்டுக்கு ரெண்டு டஜன் முட்டை. எப்பவும் வாங்கற முட்டைதான்."

தெரு நின்றது. உரக்கச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஊரே தினமும் கேட்டு, அது சொன்ன இடத்தில் இறங்குகிற குரல். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். கை எதைத் தேடுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். "ரெண்டு டஜனை யார் தின்கிறது இந்த வீட்ல?" என்று இவளிடம் முணுமுணுத்துவிட்டு, தெருவுக்குக் கேட்கிற மாதிரி, "எனக்கு ஒரு டஜன் தனியாக் கட்டுங்க" என்றாள். பால் பாத்திரத்தோடு நின்ற ஒருத்தி அவள் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.

முட்டை வந்தது. கடைக்காரரே கொண்டுவந்தார். புதிய அட்டையில், ஒரு கறை இல்லாமல், பண்ணை லாரிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அட்டையில். "அட்டையையும் வெச்சுக்கோம்மா" என்றார். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கூடைக்கு மாற்றிவிட்டு, அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் சிரித்துவிட்டார்.

மறுநாள், வியாழக்கிழமை காலை அறுவை. அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. நதிக்கரைத் தடத்தில் முதல் வண்டி அடுத்த மாதம் முதல் தேதி கிளம்புகிறது; அதை ஓட்ட வேண்டும் என்று டிரைவர் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு விடுமுறை, பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு பின் இருக்கையில் போகிறார்.